தமிழ்க் கோடு

ஹெட்செட்டை ஒரு காதில் மாட்டி, மறு காதை அறைக்கு விட்டுவைப்பது ஃபோன் அக்காவின் வழக்கம். மறுமுனையில் ஒரு பெரியவர் தான் வாங்கும் குக்கரை அனுப்ப முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். "மெதுவா சொல்லுங்கப்பா, நான் எங்கயும் ஓடிடலை," என்றபடி அக்கா கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

தடுப்புக்கு இந்தப் பக்கம், விற்பனைக் கணக்குப் பார்க்கும் பெண். எதற்கெடுத்தாலும் ஏன் என்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் 'குறுக்குக்கேள்வி' என்று பெயர்.

இணையத்தில் வீட்டுச் சாமான் விற்கும் கடை அது. எந்த மொழியில் பக்கத்தைத் திறப்பவர்கள் எவ்வளவுக்கு வாங்குகிறார்கள் என்று பிரித்துக் கேட்டிருந்தார் மேனேஜர். பிரித்தால் அதிசயம். தமிழில் வந்து பார்ப்பவர்கள் ஈசலாய் மொய்த்தார்கள், வாங்கியவர் ஒருவருமில்லை. விற்றதெல்லாம் ஆங்கிலத்தில். வரைபடத்தில் தமிழ் விற்பனையின் கோடு தரையோடு கிடந்தது.

"தமிழ்ல விக்கவே இல்லைன்னா, ஃபோன்ல தமிழ் பேச ரெண்டு பேர் எதுக்கு? இந்த மாசத்தோட ஃபோனை நிறுத்திடலாம்," என்றார் மேனேஜர்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த அக்காவின் வீட்டுக்காரர் இன்னும் எழவில்லை. அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

குறுக்குக்கேள்விக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை பேரும் பார்த்துவிட்டு எங்கேதான் போகிறார்கள்? நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, வேவு பாக்க வந்தியா?"

"நீங்க ஆர்டர் போடறதைப் பாக்கணும்க்கா."

"பாரேன், பாக்கறதுக்குக் காசா பணமா."

மணி அடித்தது. ஓர் அம்மாளின் குரல். "படமெல்லாம் பாத்துட்டேன் கண்ணு. வாங்கற எடத்துல தப்பா அமுக்கிடுவேனோன்னு பயமா இருக்கு. நீயே போட்டுடேன்."

அக்கா அதே கடைப் பக்கத்தைத் தன் கணினியில் திறந்து, அந்த அம்மாளின் பெயரில் வாங்கினாள். அந்தக் கணினியில் பக்கம் ஆங்கிலத்தில் திறந்தது.

"அக்கா! நீங்க விக்கறதெல்லாம் இங்கிலீஷ் கணக்குல போய் விழுது!"

"அடிப்பாவி! நான் பெத்த பிள்ளைக்கு எவனோ இனிஷியல் போட்டுட்டு இருந்தானா?"

இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றே ஃபோன்காரர்களின் இரண்டு கணினிகளும் தமிழுக்கு மாறின. தரையோடு கிடந்த தமிழ்க் கோடு மறுவாரமே எழுந்து நின்றது. ஏன் எழுந்தது என்பதைக் குறுக்குக்கேள்வி கோட்டுக்குக் கீழே விளக்கமாக எழுதிக் கொடுத்தாள்.

மேனேஜர் கோட்டைப் பார்த்தார். "அடேயப்பா! தமிழ்ப் பக்கம் தானாவே விக்க ஆரம்பிச்சிடுச்சே. இனிமே ஃபோன் எதுக்கு?"

"சார், கீழ எழுதியிருக்கேன். அந்தக் கோடே அக்காதான் சார்."

"முதலாளிகிட்ட சொல்லியாச்சும்மா. மனுஷன் வாயெல்லாம் பல்லா இருக்காரு. அதைப் போய்க் கெடுக்காதே."

மாதக் கடைசி நாள். ஃபோனுக்கும் அதுதான் கடைசி நாள். தமிழ் விற்பனை ஏறியதற்காக முதலாளி எல்லோருக்கும் இனிப்பு அனுப்பியிருந்தார். முதலாளி பார்த்த கோட்டைச் சுவரில் பெரிய திரையில் ஓடவிட்டிருந்தார்கள். பெட்டி மேசை மேசையாக வந்தது. ஃபோன் அக்காவுக்கும் ஒரு துண்டு வைத்தார்கள். அவள் பேச்சில் இருந்தாள். தலையை மட்டும் ஆட்டி வாங்கிக்கொண்டாள். "கதவு எண் சொல்லுங்கம்மா... ஆங், போட்டுட்டேன். பத்திரமா வந்துடும்," என்று பொத்தானை அமுக்கினாள்.

திரையில் தமிழ்க் கோடு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. யாரோ கை தட்டினார்கள்.