முப்பத்தொன்றுக்கும் நாற்பதுக்கும் நடுவில்

லிஃப்ட் மெக்கானிக்கின் வலது கட்டைவிரல், அவர் மனைவியின் மின்நூல் கருவியிலுள்ள பொத்தான் மேல் பதினோரு வருடமும் இரண்டு மாதமும் இருந்தது. உதவி எண்ணில் பேசிய பெண் நாற்பது விநாடி அமுக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தாள். அவரும் நாற்பது விநாடிதான் பிடித்தார். இரண்டு கணக்கும் சரிதான் என்று தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அது தொடங்கியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. நகரத்தின் அரசாங்கக் கட்டடங்களில் ஏறி இறங்கும் லிஃப்டுகள் முழுவதும் அவர் பொறுப்பு. பொத்தான்கள் விஷயத்தில் அவருக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. ஒரு தடவை அமுக்கினால் போதும், கை வலிக்க அமுக்கினாலும் லிஃப்ட் அதன் நேரத்தில்தான் வரும் என்பார். பேச்சு விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தாலே போதும், மீதி வாக்கியத்தை அவரே சொல்லி, அதற்குப் பதிலையும் அவரே சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று மூன்றே சொல் பேசிவிட்டு, நாலாவது சொல்லோடு வீடு வருவாள். அதைச் சொல்ல வீட்டில் இடம் கிடைக்காததால் படிக்கத் தொடங்கினாள். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அந்தக் கருவிக்குள் நானூறு புத்தகங்கள் இருந்தன. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து, பக்கத்துக்குப் பக்கம் தன் குறிப்புகளையும் எழுதிவைத்தாள். ஆறு வருடத்தில் கருவியின் எடை எண்பது கிராம் கூடியிருந்தது. காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்ததில் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் தலைக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மெக்கானிக் அதை எடுத்துக் குறிப்புகளைத் திறந்தார். ஏதோ ஒரு நாவலின் அறுபத்து மூன்றாவது சதவிகிதத்தில், பக்கத்தின் கடைசி வரியாக ஒரு குறிப்பு இருந்தது: "இவரிடம் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள்". மீதி அடுத்த பக்கத்தில். அவர் திரையைத் தொட்டார். பக்கம் நகரவில்லை. இன்னொரு தடவை தொட்டார். தன் கொள்கைக்கு விரோதமாக முப்பது தடவை தொட்டார். கருவி கல்லாகிவிட்டிருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்று ஈரத் தலையோடு வந்து நின்றாள் மனைவி.

"தூசி தட்டினேன்."

அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தம்பிக்குப் போன் செய்தாள். மச்சினன் எந்த இயந்திரத்தையும் திறந்துவிடுவான். மூடத்தான் தெரியாது. அதனால் இதைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அழைக்கப்பட்டான். சார்ஜரை மாற்றினான், வயரை மாற்றினான், சார்ஜ் போடும் துளையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். கடைசியில் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்தான். அது நனையவே இல்லையே என்று அக்கா கேட்டதற்கு, "அது அரிசிக்குத் தெரியாதுக்கா" என்றான். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோதும் அதே அரை வாக்கியம்தான் இருந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டார்கள்.

பேசிய பெண்ணின் குரல் தெளிவாக இருந்தது. "அடியில ஒரு பொத்தான் இருக்கும் சார். அதை நாப்பது செகண்ட் அமுக்கிப் பிடிங்க, தானா ஆஃப் ஆகித் திரும்ப ஆன் ஆகும். நாப்பதுக்கு முன்னாடி எடுத்துட்டா லாக் ஆயிடும், அப்புறம் அழிச்சுதான் திறக்கணும். தாண்டிப் பிடிச்சாலும் உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும். நானே எண்றேன். நான் நாப்பது சொன்னதும் விரலை எடுத்துடுங்க." புத்தகங்களைத் திரும்பவும் இறக்கிக்கொள்ளலாம், குறிப்புகள் போனால் போனதுதான் என்றும் சொன்னாள். மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். மெக்கானிக் கட்டைவிரலை வைத்தார். அந்தப் பெண் எண்ணினாள். எண்ணுக்கு ஒரு தடவை கருவியின் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. முப்பத்தொன்று வரை எல்லாம் முறையாக வந்தது.

முப்பத்திரண்டு அடுத்த வருடம் வந்தது.

முதல் அரை மணி நேரம் லைன் போய்விட்டது என்று நினைத்தார்கள். மச்சினன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நூறு வரை எண்ணி, "எடுங்க மாமா, தாண்டிப் போச்சு" என்றான். ஆனால் விளக்கு மினுக்கவில்லை. கருவி அந்தப் பெண்ணின் எண்ணிக்கைக்குத்தான் கட்டுப்பட்டிருந்தது. போனைக் காதில் வைத்தால் உதவி மையத்தின் சத்தம் இருந்தது, ஆனால் நீண்டுபோய் இருந்தது. பக்கத்து மேசையில் யாரோ சிரித்த சிரிப்பு ஒன்று பத்தொன்பது மாதம் நீடித்தது. மாடி வீட்டுக்காரர்கள் அதைத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்துப் புகார் செய்தார்கள். யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் ஒரு மழைக்காலம் முழுவதும் கேட்டது. பேச்சு மட்டும் பேச்சாகவே வந்தது, ஆனால் துண்டு துண்டாக. பத்தாம் மாதம் ஒரு நாள் "முப்பத்தி" என்றது போன். ஐந்து வாரம் கழித்து "ரெண்டு" என்றது. விளக்கு மினுக்கியது. போனில் சார்ஜ் அறுபத்திரண்டு சதவிகிதம் இருந்தது, கடைசி வரை அது குறையவில்லை.

மெக்கானிக் ஒரு வாரம் லீவு போட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். போனைக் கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொண்டு, கருவியை வலது கையில் பிடித்தபடி, இடது கையால் ஸ்க்ரூ திருகினார். ராத்திரி மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மெத்தென்ற பட்டையால் விரலைப் பொத்தானோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். அவர் மல்லாந்து படுப்பார். "முப்பத்தி"க்கும் "நாலு"க்கும் நடுவில் மச்சினனுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாண போட்டோவில் மெக்கானிக் கையில் கருவியோடு நிற்பதைப் பார்த்த பெண் வீட்டார், மாப்பிள்ளையின் மாமா பெரிய படிப்பாளி என்று இன்றைக்கும் நம்புகிறார்கள்.

அவருக்குத் தொந்தரவாக இருந்தது விரல் இல்லை, அந்த வரி. கண்ணுக்கு முன்னால் எந்நேரமும் அது இருந்தது. இவரிடம் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் என்ன ஆகும்? லிஃப்ட் பராமரிப்பு நோட்டின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதி எழுதிப் பார்த்தார். விடிந்துவிடும். வயதாகிவிடும். உயிர் போய்விடும். கடைசியாக எழுதியதைப் பார்த்த அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. அவளிடமே கேட்டும் பார்த்தார்.

"எந்த வருஷத்துச் சங்கதி! ஆயிரம் எழுதியிருப்பேன், யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றாள் அவள். "திறந்தா தெரியப் போகுது."

இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு சம்பவம். சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக் கதை ஒன்றை ஆரம்பித்தாள். சாவியை விழுங்கிவிட்ட ஒரு பூட்டுக் கடைக்காரரைப் பற்றியது. அவர் வழக்கம்போல் பாதியில் புகுந்து, "அப்புறம் எக்ஸ்ரே எடுத்தா உள்ள சாவி இருந்திருக்கும், அவ்வளவுதானே" என்றார். அவர் பேசிய நேரத்தில் போனும் ஏதோ பேசியது. என்ன என்று யார் காதிலும் விழவில்லை. அது பாதி எண்ணா, முழு எண்ணா, வேறு ஏதாவது உத்தரவா என்று தெரியாமல் இருபத்தாறு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இருபத்தேழாம் நாள் "மூணு" என்று வந்து விளக்கு மினுக்கியபோது மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் யார் பேச்சிலும் குறுக்கே புகுந்ததில்லை. பயம்தான் காரணம். எண்ணைக் கேட்பதற்காகத் தீட்டி வைத்திருந்த காது, மனைவி பேசும்போதும் தீட்டினபடியே இருந்தது. பூட்டுக் கடைக்காரரின் வயிற்றில் இருந்தது ஒரு சாவி அல்ல, கொத்து என்பதும், அதில் ஒன்று ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையின் சாவி என்பதும், அதனால்தான் அன்று அவரை வராந்தாவில் வைத்தே படம் எடுக்க வேண்டியிருந்தது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் பேசினாள். முதல் வருடம் ஆஸ்பத்திரியைப் பற்றி, அடுத்த வருடம் படித்த புத்தகங்களைப் பற்றி, அதற்கடுத்த வருடம் தன்னைப் பற்றி. முப்பத்தாறு வந்த பருவத்தில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, வெகு காலத்துக்கு முன் தனக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்ததைச் சொன்னாள். மூன்று தடவை அவரிடம் சொல்ல வந்திருக்கிறாள். முதல் தடவை அவர் மின்சாரக் கட்டணம் என்று நினைத்துப் பதில் சொன்னார். இரண்டாம் தடவை தலைவலி என்று நினைத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை அவள் "எனக்கு" என்று ஆரம்பித்தபோது, "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். மறுநாள் அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மெக்கானிக் கடைசி வரை கேட்டார். ஐந்தாம் நாள், "இப்ப கேட்டா குடுப்பாங்களா?" என்றார்.

"இப்ப எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க கேட்டிருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குச் சமாதானம் சொல்ல வாயெடுக்காததை அவள் கவனித்தாள். மடித்த துணியை அவருடைய இடது கையில் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னாள்.

பதினோராம் வருடம் ஒரு காலையில் போன் "நாப்" என்றது. அதுவரை எல்லா எண்ணும் "முப்" என்றே ஆரம்பித்திருந்ததால் இது நாற்பதுதான் என்பதில் சந்தேகமில்லை. எப்போது விரலை எடுப்பது என்பதில்தான் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஆரம்பித்த உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்பதைத் தாண்டிவிடும் என்றான் மச்சினன். எதிர்வீட்டுத் தமிழாசிரியை மறுத்தாள். "'சொன்னதும்'னுதானே அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா? அது இறந்த காலம். சொல்லி முடிக்கணும். 'சொல்லும்போதே'ன்னு சொல்லியிருந்தா உங்க மச்சினன் கட்சி ஜெயிச்சிருக்கும்" என்றாள். மச்சினனின் ஆட்கள் அவளுடைய பட்டத்தையே சந்தேகப்பட்டார்கள். விஷயம் கடைசியில் மனைவியிடம் வந்தது. குறிப்புகள் அவளுடையவை. அவள் கணவனின் கையைப் பார்த்தாள். "அவ முடிக்கட்டும்" என்றாள்.

நாலு மாதமும் பதினேழு நாளும் காத்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தபோது, "பது" என்றது போன். மெக்கானிக் விரலை எடுத்தார்.

அந்தக் கணமே போனில் எல்லாச் சத்தமும் சாதாரண வேகத்துக்கு வந்தது. "அவ்வளவுதான் சார். பாத்தீங்களா, நாப்பதே செகண்ட்! வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள் அந்தப் பெண், சின்னக் களைப்புகூட இல்லாமல். அவள் பேசி முடித்துவிட்டாள் என்று நிச்சயமான பிறகு, "இல்லம்மா, நன்றி" என்றார். மனைவி போனை வாங்கி, "சாப்டியாம்மா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல மேடம், அஞ்சு மணிக்குதான் பிரேக்" என்று பதில் வந்தது.

கருவியின் திரை கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. பிறகு அலமாரியில் அடுக்கிய மாதிரி நானூறு புத்தகங்களும் வந்து நின்றன. குறிப்புகள் ஒன்றுகூடப் போகவில்லை. மெக்கானிக் கருவியை மனைவியிடம் நீட்டினார். அவள் அந்தப் பக்கத்துக்குப் போய், அடுத்த பக்கத்தைத் திருப்பி, வாய்விட்டுப் படித்தாள். "இவரிடம் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள், படுக்கையில் இருக்கும் நோயாளி மூச்சைப் பிடித்துப் பிடித்தே போய்ச் சேர்ந்துவிடுவார்."

மெக்கானிக் எட்டிப் பார்த்து அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தார்.

"இவர்னா யாரு?"

"எங்க பெரிய டாக்டர். காது மந்தம். பாவம், ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாச்சு." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், நீங்கன்னா நினைச்சீங்க?"

"அப்ப என்னைப் பத்தி?"

அவள் பின்னால் போய், முன்னால் வந்து, ஆறு வருடக் குறிப்புகளையும் தேடினாள். அன்று இரண்டு பஸ்ஸை விட்டாள். அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "எழுதலையே" என்றாள், அவளுக்கே ஆச்சரியமாக. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, இனிமே எழுதறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எழுதவும் செய்தாள். அன்று மாலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கருவி இரண்டு கிராம் கூடியிருந்தது.

விரலில் மட்டும் ஒரு வித்தியாசம் இருந்ததை அலுவலகத்தில்தான் கண்டுபிடித்தார்கள். வருகைப் பதிவுக்குக் கட்டைவிரல் ரேகை வைக்கும் இயந்திரம் வந்திருந்தது. அது அவரை ஐம்பத்தேழு வயதுக்காரர் என்று ஏற்க மறுத்தது. மனைவியே படம் எடுத்துப் பார்த்தாள். மற்ற எலும்புகள் ஐம்பத்தேழு, கட்டைவிரல் நாற்பத்தாறு. அந்தப் பதினோரு வருடத்தில் அது கழித்த விநாடிகள் ஒன்பதுதான் என்பதால் அது மூப்படையவில்லை. கோப்பு பல மேசைகளுக்குப் போய்த் திரும்பியது. விதி தெளிவாக இருந்தது: அறுபது வயதானால் ஓய்வு. அதன்படி மூன்று வருடம் கழித்து மெக்கானிக் ஓய்வு பெற்றார். அப்போது நாற்பத்தொன்பது வயதான கட்டைவிரலுக்குப் பணிக்காலம் இன்னும் பதினோரு வருடம் இருந்தது. தினமும் காலையில் அவர் மனைவியோடு ஒரே பஸ்ஸில் போகிறார். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டு வருகிறாள். அவர் அலுவலகத்தில் இறங்கி, இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டு, லிஃப்டுகளின் பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று அந்த ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். பதிவேட்டில் அவருடைய வரிசையில் வலது கட்டைவிரல் என்று மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை அதற்கு விடுமுறை. அன்றைக்கு இருவரும் தாமதமாக எழுந்திருக்கிறார்கள்.