சலூன்காரனின் முதுகு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு முடிவெட்டிக்கொள்ளும்போது கிடைத்தது. பாதித் தலையில் கத்திரிக்கோலை வைத்துவிட்டு சலூன்காரன் லஸ்ஸாத் வெளியே ஓடினான். மீதித் தலையோடு நானும் பின்னால் ஓடினேன். கதை எழுதுகிறவனுக்கு மானம் எதற்கு?

2
முதல் தொடக்கம்: 'எங்கள் ஊரான ஜர்ஜீஸின் துறைமுகத்தில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக...' வேண்டாம். அலையில் தொடங்கினால் யாராவது மூழ்கித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது: மன்னூபியா டீச்சர் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறவர். விடுமுறை நாட்களில் மீன் சந்தைச் சுவரில் ஊரை வரைவார். ஆக்டோபஸை மெதுவாக்கக் கல்லில் அடித்துத் துவைக்கும் பெண்கள், சீட்டாடும் கிழவர்கள், ரொட்டிக்கடை வரிசை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு முகம் வரைவார். பிழைப்புத் தேடிக் கள்ளப் படகேறி அக்கரை நாட்டுக்குப் போனவர்களுக்கு முதுகு மட்டும்தான்.* இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

(* ஏனென்று கேட்டேன். "போனவன் மூஞ்சி இப்ப எப்படி இருக்கும்னு எனக்கென்னய்யா தெரியும்?" என்றார். இதைவிட ஆழமாக ஒரு பதில் எழுத மூன்று நாள் முயன்று தோற்றேன்.)

3
நான் முடிவெட்டப் போன அந்த ஞாயிறு டீச்சர் லஸ்ஸாத்தின் சலூனை வரைந்தார். முடிவெட்டுகிறவன் கண்ணாடியைப் பார்த்து நிற்பான், தெருவுக்கு முதுகுதான் தெரியும். அப்படியே வரைந்துவிட்டார். தன் வழக்கம் அவருக்கே மறந்துபோயிற்று.

மீன் வாங்க வந்த லஸ்ஸாத்தின் மனைவி நாயிலாவுக்கு மறக்கவில்லை.

"டீச்சர், என் வீட்டுக்காரர் எப்பப் போறாரு?"

"எங்க போறான்? அதோ, கடையில முடி வெட்டிக்கிட்டிருக்கான்."

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

"அய்யோ, அது என் புத்திப் பிசகும்மா. இரு, இப்பவே திருப்பிடறேன்."

யாரோ போய்ச் சொல்ல, சீப்பும் கையுமாக லஸ்ஸாத் ஓடிவந்தான். பொய்யென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவனோ, "டீச்சர், உங்ககிட்ட யார் சொன்னது?" என்று கேட்டான்.

லஸ்ஸாத்தின் கண்களில் கடல்... (அடித்துவிட்டேன். கடலும் இல்லை ஒன்றும் இல்லை. முழி பிதுங்கி நின்றான்.)

"எப்ப?" என்றாள் நாயிலா.

"வியாழக்கிழமை. காத்து சரியா இருந்தா."

"என்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தே?"

"அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணலாம்னு..."

"சேரலைன்னா யார் பண்ணுவா?"

டீச்சர் தன் கையாலேயே ஒரு குடும்பத்தைப் போட்டு உடைத்துவிட்டோமே என்று தூரிகையைக் கீழே வைத்தார்.

4
முடிவு, ஒன்று: டீச்சர் முகம் வரைகிறார், லஸ்ஸாத் தங்கிவிடுகிறான். பெயிண்டுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் இங்கே பாதி வீடுகளில் பூட்டுத் தொங்காது.

இரண்டு: வியாழக்கிழமை படகு கிளம்பி... இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். எனக்கு அவனைப் பிடிக்கும்.

நடந்தது: நாயிலா தூரிகையை எடுத்து டீச்சர் கையில் திணித்தாள்.

"அவரைத் திருப்ப வேணாம். பக்கத்துல என்னையும் வரைங்க. முதுகு தெரியற மாதிரி."

"பைத்தியமா உனக்கு? உனக்கு நீச்சல்கூடத் தெரியாது" என்றான் லஸ்ஸாத்.

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்."

டீச்சர் வரையத் தொடங்கினார். தலைத்துணி வந்தது, தோள் வந்தது. பிறகு கையை நிறுத்தி அவனைப் பார்த்தார். "போறியா, இருக்கியா? காயறதுக்குள்ள சொல்லுப்பா. காஞ்சப்புறம் அழிக்கிறது கஷ்டம்."

அவன் சொன்னான். நான் கேட்டேன். ஆனால் எழுதமாட்டேன். அவன் இடத்தில் நின்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.