வசவாசிப் பூ வைத்த ஷோல்

நிஷ்மியா எதைத் தைத்துப் போட்டுக்கொண்டு போனாலும், மாமா மகள் ஸில்மியா அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவாள். நோன்புப் பெருநாளைக்குப் பச்சைப் பாவாடையோடு போனபோது, "இது உங்க முன் ரூம் யன்னல் திரைதானே, மச்சி?" என்றாள். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கொண்டுபோன கட்டம் போட்ட கைப்பையைத் தொட்டுப் பார்த்து, "உங்க வாப்பா உடுத்த பழைய சாரன்," என்றாள். சத்தம் போட்டுச் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே கேட்கும். ஆனால் அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும்.

இப்போது ஸில்மியாவின் தங்கைக்கு மாத்தளையில் கல்யாணம். அந்த ஸில்மியா வாயால் ஒரு தடவையாவது "எங்க வாங்கினது?" என்று கேட்க வைத்துவிட வேண்டும். நிஷ்மியாவுக்கு வேறு ஆசை இல்லை. உக்குவளை வீட்டில் அவள் பேச்சை விட்டுவிட்டு யோசித்தாள். சோறு தின்னும்போதும் யோசித்தாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, உம்மா மஸூதா அவளுக்கு ஓதி ஊதிவிட்டாள்.

விடை கிணற்றடியில் விழுந்து கிடந்தது. வெடித்த சாதிக்காய்க்குள்ளே, கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை பின்னியதுபோல வசவாசி. எந்தக் கடையில் கிடைக்கும் இப்படி ஒரு லேஸ்?

தலையில் போடும் வெள்ளை ஷோல் ஒன்றை எடுத்து, ஓரம் முழுக்க வசவாசியைப் பூப்பூவாக வைத்துத் தைத்தாள். பூவுக்குப் பூ நடுவில் மொட்டாக ஒரு கராம்பு. வெயிலில் காய வைக்க நாள் போதவில்லை. சூடான அயன் பெட்டியை வைத்து அழுத்தினாள். வீடு முழுக்க வாசம் எழும்பியது.

"கேக் போடுறியா புள்ள?" என்று மஸூதா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இல்ல உம்மா. ஷோல்."

மஸூதா இன்னொரு தடவை ஓதி ஊதினாள்.

கல்யாணத்தன்று அவர்களை ஏற்றிப் போன ஆட்டோக்காரர், பாதி வழியில் காரணமே இல்லாமல் பசிக்கிறது என்றார். நிஷ்மியா அதைக் கவனிக்கவில்லை. இன்னொன்றையும் அவள் யோசிக்கவில்லை. மாமா அப்துல் ஸமத் மாத்தளையில் வாசனைச் சரக்கு வியாபாரி. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு யார் வருவார்கள்?

மண்டப வாசலில் வரிசையாகக் கதிரை போட்டுச் சரக்கு வியாபாரிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடந்து போகப் போக மூக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"வசவாசி," என்றார் ஒருவர்.

"சூடு பட்டிருக்கு," என்றார் அடுத்தவர். "கராம்பு பரவாயில்ல."

நிஷ்மியா நடையை எட்டிப் போட்டாள்.

பெண்கள் பக்கத்து வாசலில் ஸில்மியா நின்றாள். பளபளவென்று கறுப்புக் கைப்பை, அதற்கேற்ற சிரிப்பு. ஷோலைப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், சுற்றிவந்து பின்னாலும் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"எங்க வாங்கினது, மச்சி?"

நிஷ்மியாவுக்கு அந்த நிமிஷமே வீட்டுக்குத் திரும்பினாலும் வந்த காரியம் முடிந்தது என்றிருந்தது.

"கொழும்புல."

"எந்தக் கடை?"

நிஷ்மியா மின்விசிறியைப் பார்த்தாள். "பேர் மறந்துட்டு. வெளிநாட்டுப் பேரு."

ஸில்மியா ஒரு பூவை விரலால் தடவினாள். அயன் சூட்டில் அப்பளமாகியிருந்த பூ பொடிந்தது. மேலே ஓடிய மின்விசிறி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஸில்மியா தும்மினாள். மாப்பிள்ளையின் பெரியம்மா தும்மினார். அவர் மடியில் இருந்த குழந்தையும் தும்மியது.

சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்க வந்த அப்துல் ஸமத், வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தினார். "மஸூதா, உங்க கெணத்தடி மரம் இந்த வருஷமும் நல்லாக் காச்சிருக்கு போல," என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தும்மலுக்கு நடுவிலும் ஸில்மியாவின் முகம் மலர்ந்தது. "கெணத்தடியிலயா மச்சி, அந்த வெளிநாட்டுக் கடை?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த தும்மல் வந்தது. ஸில்மியா அவசரமாகக் கைப்பையைத் திறந்து லேஞ்சியைத் தேடினாள்.

பைக்குள்ளே உள்துணியில் மஞ்சள் வாத்துகள் நீந்தின.

நிஷ்மியாவுக்கு அந்த வாத்துகளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர்கள் வீட்டுக் குளியலறைத் திரை அது. போன வருஷம் மாமா குடும்பம் வந்து தங்கிப் போன அன்று கொடியிலிருந்து காணாமல் போனது. மஸூதா காற்றைத் திட்டித் தீர்த்தாள். ஒரு வாத்துக்கு மட்டும் பிளீச் பட்டுக் கண் போயிருந்தது. அதுவும் அங்கேதான் இருந்தது, லேஞ்சிக்குப் பக்கத்தில்.

திரையையும் சாரனையும் இவள் எப்படித்தான் அடையாளம் கண்டாள் என்பது இப்போது புரிந்தது. எல்லாவற்றின் மேலும் முதலிலேயே கண் வைத்திருந்தவளுக்குத் தெரியாதா?

நிஷ்மியா அவசரப்படவில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அந்த ஒத்தக் கண் வாத்து சுகமா இருக்கா, மச்சி?"

பை பட்டென்று மூடியது. ஸில்மியா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எதிரே மஸூதா. பை ஸில்மியாவின் மடிக்கு அடியில்.

பாதிச் சோறு முடிந்த பிறகு ஸில்மியா குனிந்து கேட்டாள். "மரத்துல இன்னும் இருக்கா?"

"இருக்கு. திரையில மிச்சம் இருக்கா?"

"ஒரு பாவாடைக்கு வரும்."

நிஷ்மியா இறைச்சித் துண்டொன்றை அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.