செமினி ஆடு இன்னும் சிலுப்பவில்லை

1

இந்தக் கதை ஒரு மட்டன் பெரட்டலில் ஆரம்பித்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. கறி பஞ்சாக வெந்திருந்தது. "இது எந்த ஊரு ஆடு, பாஸ்?" என்று பரிமாறியவரைக் கேட்டேன்.

"ஆஸ்திரேலியா. ஐஸ்ல வந்தது. ஏன், டேஸ்ட் இல்லையா?"

டேஸ்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் செமினியில் ஆடு மேய்வதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். காரில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பக்கத்து ஆடு என் இலைக்கு வராமல், கடல் தாண்டி ஓர் ஆடு ஏன் வருகிறது? வேலையற்ற கேள்விதான். ஆனாலும் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

2

செமினியில் உர்சுலா என்றோர் ஏழைப் பெண்—

வேண்டாம். ஏழை என்று தொடங்கினால் நீங்கள் இப்போதே கைக்குட்டையைத் தேடுவீர்கள். உர்சுலாவுக்கு அதெல்லாம் ஆகாது. கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்க வந்தவர். நல்ல வாயாடி. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவார். ஆட்டு வாசமும் கூடவே போகும்.

அவர் ஆட்டை உயிரோடு விற்கலாம், இறைச்சியாக விற்கக் கூடாது. இறைச்சியாக்க வேண்டுமானால் தூரத்து அறுப்புக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மந்தை மந்தையாக இறக்குகிறவருக்குத்தான் மரியாதை. ஆகவே வியாபாரியின் லோரியில், அவன் சொன்ன விலைக்கு ஆட்டை ஏற்றிவிட்டு, வீட்டுக் குழம்புக்குப் பாசார் கடையில் ஐஸ் கறி வாங்குவார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

இப்போது விதியைத் தளர்த்துகிறார்கள். (யார் என்று கேட்காதீர்கள். நான்தான் தளர்த்தினேன். இந்த விதி இந்தக் கதைக்குள் மட்டுமே செல்லும். வெளியே யாரிடமும் காட்டி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.) சின்னப் பண்ணைக்காரர்கள் தங்கள் கொட்டகையிலேயே அறுத்து, சிலாங்கூர் மாநிலத்துக்குள் விற்கலாம். ஒரே நிபந்தனை, கால்நடை அதிகாரி ஓர் ஆடு அறுபடுவதை நேரில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம்தான். அதுவரை தீனி போட உர்சுலாவால் முடியாது. தோற்றால் மந்தை முழுவதையும் லோரியில் ஏற்றிவிட்டுக் கொட்டகையைப் பூட்டுவதாக முடிவு செய்துவிட்டார்.

(பிரிக்ஃபீல்ட்ஸ் சிலாங்கூரில் இல்லை என்பது இதை எழுதிய பிறகுதான் உறைத்தது. விதியை நானே போட்டும் என் இலையைக் கோட்டைவிட்டேன்.)

3

முதல் பிரதியில் அதிகாரிக்கு மீசை வைத்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். அவர் மேசையை ஓங்கித் தட்டி—

தட்டவில்லை. என்ன எழுதினாலும் டாக்டர் முகுந்தன் நல்ல பிள்ளையாகவே வந்து நிற்கிறார். காலணிக்கு உறை போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். தண்ணீர், மேசை, கத்தி, வடிகால் எல்லாவற்றையும் பார்த்தார்.

"சூப்பர் ஆன்டி. என் வீட்டுக் கிச்சன்கூட இவ்ளோ கிளீனா இல்ல."

உர்சுலாவுக்கு வாயெல்லாம் பல். மீதமிருந்தது ஆடு மட்டும்தான். இரத்தப் பரிசோதனை முடித்து, காதில் பச்சை வளையம் மாட்டிய கிடாய் அது. இன்றைய சோதனைக்கு அந்த ஒன்றுதான். கடைசி நேரத்தில் மாற்ற முடியாது.

அந்தக் கிடாயைக் கேட்டிருந்தவர் கிள்ளானிலிருந்து வரும் பக்கிரிசாமி. வருஷா வருஷம் முனீஸ்வரருக்குப் படையல் போடுகிறவர். லோரிக்குப் போனது போக, படையலுக்கென்று உர்சுலாவிடம் உயிரோடு ஆடு வாங்கி அங்கேயே வெட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் அவர் கைகாட்டி வந்தவர்கள். அவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது. சிலுப்பாமல் வெட்ட மாட்டார்கள்.

முகுந்தன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கிரிசாமி மஞ்சளோடு வந்து நின்றார். உர்சுலா வழக்கம்போலத் தண்ணீர் வாளியை எடுத்து நீட்டினார். பல வருஷப் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. அவர் மஞ்சளைக் கரைத்து ஊற்ற, தலையிலிருந்து வால் வரை கிடாய் நனைந்தது.

"ஐயோ ஆன்டி!" உள்ளே வந்த முகுந்தன் அலறினார். "ஈர ஆட்ட அறுக்கக் கூடாது. தோல் அழுக்கெல்லாம் தண்ணியோட எறங்கி இறைச்சில கலந்துடும்."

அப்போதுதான் உர்சுலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடக் கடவுளே! என் கையாலயே கெடுத்தேனே!"

"ஒரு சிலுப்பு சிலுப்பட்டும், தண்ணி பறந்துரும்லா," என்றார் பக்கிரிசாமி.

கிடாய் சிலுப்பவில்லை. அசைபோட்டுக்கொண்டே மூவரையும் பார்த்தது.

"நல்லாத் தொடைச்சிட்டா நான் அக்செப்ட் பண்ணலாம்," என்றார் முகுந்தன் மெதுவாக. "ஆபிஸ் மூடுறதுக்குள்ள நான் ரிப்போர்ட் குடுத்தாகணும் ஆன்டி."

உர்சுலா துண்டை எடுத்தார்.

"தொடைச்சா அது எப்படிக்கா உத்தரவு சொல்லும்?" பக்கிரிசாமியின் குரல் இறங்கியது. "நீங்க அறுங்க, ஒங்க பொழப்பு. நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கேக்காம வெட்டுன கறிய நான் தொடமாட்டேன். எங்காளுங்களும் வரமாட்டாங்க."

துண்டோடு உர்சுலா அப்படியே நின்றார். துடைத்தால் விற்கலாம், வாங்க ஆளிருக்காது. துடைக்காவிட்டால் ஆளிருக்கும், விற்க முடியாது.

4

முடிவு அ: உர்சுலா துடைத்தார். லைசன்ஸ் வந்தது. கறி குளிர்ப்பெட்டியில்— (இந்த முடிவு எனக்குக் கசக்கிறது.)

முடிவு ஆ: லோரி வந்தது. (இதை எழுதவே கை வரவில்லை.)

முடிவு இ: கிடாய் சட்டென்று உடம்பை உதறிச் சிலுப்பியது. மஞ்சள் துளிகள் முகுந்தனின் சட்டையில் தெறித்தன. எல்லாரும்—

எவ்வளவு சுலபம், பாருங்கள்! சாமிக்கும் சம்மதம், சர்க்காருக்கும் சம்மதம். இதையே வைத்துக்கொள்வோம் என்று அடுத்த வரிக்குப் போனபோது உர்சுலா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எழுதி சிலுப்ப வச்சா அது ஆடு சொன்னதா ஆகுமா சார்?"

"அக்கா, ஒங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே. நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க."

"இல்லதான். வாங்குறவங்களுக்காகத்தான் இத்தன வருஷமா தண்ணி குடுத்தேன். ஆனா இங்க ஒரு தடவகூட கேக்காம வெட்டுனதில்ல. இன்னிக்கி என் கொட்டகைக்காக மட்டும் கேக்காம வெட்டுனா, அப்புறம் எனக்கும் ஐஸ் கறிக்காரனுக்கும் என்னா வித்தியாசம்?"

எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் பெரட்டல் ஞாபகம் வந்தது. அந்த ஆட்டின் ஊரை விசாரித்தேன். அதனிடம் யாராவது கேட்டார்களா என்று கேட்கத் தோன்றவில்லை.

முடிவு இ-யை அடித்துவிட்டேன்.

5

உர்சுலா துண்டை வேலியில் போட்டுவிட்டார். அது நான் எழுதியதல்ல, அவராகவே போட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்தோனியாரே," என்று முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது. முகுந்தன் மணியைப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கிடாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கிரிசாமி கைகட்டி நிற்கிறார். ஈரம் இன்னும் காயவில்லை.

ஆபிஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். உங்கள் மனதில் இப்போது ஓர் ஆடு சிலுப்பியிருக்கும், எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். நாம் வாசலுக்கு இப்பால் நின்றுகொள்வோம், சத்தம் போடாமல். அது சொல்லட்டும்.