சேர்ச் எண்டு போடு

செலீன் முன்கதவைத் திறக்காமல் பின்கதவைத் திறந்து ஏறினாள். கோபம் வந்தால் அவள் பின்சீட்டுக்குத்தான் போவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். 2007ஆம் ஆண்டு, மாசி மாதம். டவுன்டவுனில் அந்த உயரக் கட்டடத்துக்கு முன்னால், கார் நிறுத்தக்கூடாத இடத்தில், விளக்கை மினுக்கவிட்டுக்கொண்டு நான் நின்றேன். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தபடி இருந்தான். அவளுடைய புதுச் சப்பாத்து இரண்டும் ஒரு கையில், பனிச் சப்பாத்து காலில், கோட் பூட்டாமல் திறந்து கிடந்தது.

"என்னடி நடந்தது?"

"ஓடுங்கோ அம்மா."

"நல்லாச் செய்தனியோ?"

"முதல் காரை ஓடுங்கோ."

இங்கே கியூபெக்கில் சட்டத்தரணியாக வருவதற்குப் படிப்பு மட்டும் காணாது. ஒரு சட்டக் கம்பனியில் ஆறு மாதம் பயிற்சி செய்யவேண்டும், ஸ்தாஜ் என்பார்கள். பெரிய கம்பனிகள் அதற்கான ஆட்களைப் படிப்பு முடிவதற்கு முன்னமே பிடித்துவிடும். மாசி, பங்குனியில் பிள்ளைகள் எல்லாம் கறுப்புக் கோட்டும் சூட்டுமாய்க் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார்கள். நேர்முகம் வைப்பார்கள், பிறகு கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு கொடுத்து, முள்ளுக்கரண்டி எப்படிப் பிடிக்கிறாய் என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு நாள் காலை எட்டு மணிக்கு எல்லாக் கம்பனியும் ஒரே நேரத்தில் ஃபோன் எடுக்கும். அன்றைக்கு ஃபோன் வராவிட்டால் அவ்வளவுதான். பிறகு சின்னக் கந்தோர்களில் போய்க் கெஞ்சவேண்டும். அங்கே இடம் இருப்பவர்கள் தங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். செலீனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நான் கார்டரியில் பிள்ளை பார்க்கிறேன். இவளுடைய அப்பா அருமைராசா பாண் ஃபக்டரியில் இரவு வேலை.

நாற்பதாம் நம்பர் ஹைவேயில் ஏறின பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

இரண்டு பேர் இருந்தார்களாம். ஒரு வயதான மனிசன், ஒரு இளம் பெண். அரை மணித்தியாலம் எல்லாம் நல்லாய்ப் போயிருக்கிறது. என்ன புத்தகம் வாசிப்பாய், ஏன் சட்டம் படிக்கிறாய், பிரெஞ்சு எங்கே இவ்வளவு வடிவாய்ப் பழகினாய் என்று கேட்டிருக்கிறார்கள். பத்து வயதிலிருந்து இங்கேயே படித்தவளிடம் அந்தக் கடைசிக் கேள்வி. அதையும் சிரித்துக்கொண்டு விட்டிருக்கிறாள். பிறகு அந்த மனிசன் அவளுடைய விண்ணப்பத்தில் ஒரு வரியில் விரலை வைத்தான்.

"'இது என்ன அமைப்பு?' எண்டு கேட்டார். வன்னிக் கரையோர நிவாரணக் குழு. நான் சொன்னன், சுனாமிக்கு உடுப்பு, மருந்து சேர்த்து அனுப்பினனாங்கள் எண்டு. 'இது தடை லிஸ்டிலை இருக்கோ?' எண்டார். இல்லை எண்டன். 'நிச்சயமா?' எண்டார். நிச்சயமா இல்லை எண்டன். 'இண்டைக்கு இல்லை, அப்பிடித்தானே?' எண்டு கேட்டுச் சிரிச்சார் அம்மா."

"நீ என்ன சொன்னனி?"

"சட்டம் சொன்னன். லிஸ்ட் எண்டா என்ன, ஆரை எப்பிடிப் போடுறது, எல்லாம் சொன்னன். அந்தப் பொம்பிளை தண்ணிக் கிளாசையே பாத்துக்கொண்டு இருந்தாள். பேந்து அவர் சொல்லுறார், தங்கடை கட்சிக்காரர் எல்லாம் வங்கிகளாம், தான் கேக்கத்தானே வேணுமாம், குறை நினைக்க வேண்டாமாம். 'உங்கடை வீட்டிலை ஆருக்கும் தொடர்பு இருக்கோ?' எண்டும் கேட்டார். லிஃப்ட் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டவர், ஸ்னோவைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். அந்த மனிசனின் முகத்தை நான் கண்டதில்லை. கண்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

தொடர்பு இருக்கிறதோ என்று கேட்டானாம். இருக்கிறது. என்னுடைய தங்கச்சி றோஸ்மேரி முல்லைத்தீவில் இருந்தவள், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு அடுத்தநாள் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கடல் எடுத்தது. மூத்தவள் ஷெரோனுக்குப் பதினாலு வயது. செலீனோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. இங்கே பனி எப்படி இருக்கும், உறைப்பா புளிப்பா என்று கேட்டு எழுதியிருந்தாள், பகிடிக்கு. செய்தி வந்து மூன்றாம் நாள் செலீன் சேர்ச்சுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் போய் நின்றவள், தை மாதம் முழுக்க வீட்டில் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. நிவாரணக் குழு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. சனம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. முல்லைத்தீவுக்குப் பனிக் கோட் கொண்டுவந்து தந்தவர்களும் இருந்தார்கள். பனிச் சப்பாத்து, ஸ்கேட்டிங் சப்பாத்துகூட வந்தது. செலீன் எல்லாவற்றையும் பிரித்தாள். பெண்களுக்கு வேண்டிய சாமான் ஒன்றும் இல்லை என்று ஆம்பிளைகளைப் பிடித்துச் சத்தம் போட்டாள். தாடி வைத்த பெரிய பெரிய ஆட்கள் கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாய்ப் பஞ்சு வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. றோஸ்மேரி எங்கேயோ ஒரு ஃபோனைப் பிடித்து ஒரே ஒரு வசனம் சொன்னாள். "அக்கா, சோப் வந்தது."

அதற்குப் பிறகுதான், போன வருடம் சித்திரையில், கனடா அரசாங்கம் புலிகள் இயக்கத்தைத் தடைசெய்தது. நிவாரணக் குழு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வெள்ளைக்காரனுக்கு வன்னி என்றால் எல்லாம் ஒன்றுதான்.

அந்த வரியைப் போடச் சொன்னது நான். "நீ செய்ததிலை அதுதான் பெரிய வேலை, அதை எழுது," என்றேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. இரவிச்சந்திரன் அண்ணை. நிவாரணக் குழுவை நடத்தினவர் அவர்தான். டொலார்டில் வீடு. மண்டபத்தில் எல்லாம் முடிந்த பிறகு விழா வைத்துச் செலீனை மேடையில் ஏற்றி ஒரு கேடயம் கொடுத்து, மைக்கில் முழங்கினவர். அன்றைக்கு அவர் சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, யன்னல் பக்கத்துக் கதிரையில் இருக்காமல் உள்ளுக்கு வந்து இருந்தார். குரல் மட்டும் பாதியாய்க் குறைந்திருந்தது.

"தங்கச்சி, அருமைராசா சொன்னவர், பிள்ளையின்ரை விசயம். வேலைக்குப் போடுற பேப்பரிலை எங்கடை குழுவின்ரை பேர் இருக்காம்."

"இருக்கு. அதுக்கென்ன அண்ணை?"

"பொலிஸ் இரண்டு மூண்டு வீட்டுக்கு வந்து விசாரிச்சிட்டுப் போயிருக்கு. எங்களிலை பிழை இல்லை, அது வேறை கதை. ஆனா பேர் அங்கை இஞ்சை அடிபடாமல் இருக்கிறது எல்லாருக்கும் நல்லம். பிள்ளைக்கும் நல்லம். சேர்ச் எண்டு போடச் சொல்லுங்கோ. சேர்ச்சிலை வைச்சுத்தானே பெட்டி கட்டினது? பொய் இல்லையே?"

செலீன் படியால் இறங்கி வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"மேடையிலை மைக் பிடிக்கேக்கை சேர்ச் ஞாபகம் வரேல்லையோ அங்கிள்?"

"அது வேறை காலம் பிள்ளை."

"இரண்டு வருசம்தான் அங்கிள். பால் பேணியிலை அடிச்சிருக்கிற திகதியே அதைவிடக் கூட."

"நீ சின்னப் பிள்ளை. உனக்கு இதுகள் விளங்காது."

"நான் சின்னப் பிள்ளை எண்டா ஏன் அண்டைக்கு 'எமது நாளைய சட்டத்தரணி' எண்டு கத்தினனீங்கள்? நான் உங்களுக்கு வழக்குப் பேச வருவன் எண்டோ? இப்ப வழக்கு வந்திட்டுது, நீங்கள் சேர்ச்சுக்குப் பின்னாலை ஒளிக்கிறியள்."

"செலீன்!" என்றார் அருமைராசா. இரவு வேலை முடித்துப் படுத்தவர், சாரத்தோடு வந்து நின்றார்.

அவளை அடக்க எனக்கு மனம் வரவில்லை. இரவிச்சந்திரன் அண்ணை கெட்ட மனிசன் இல்லை. அந்தத் தை மாதம் அவரும் நித்திரை கொள்ளவில்லை, அது எனக்குத் தெரியும். பயம். ஆனால் ஒருவன் சிரித்துக்கொண்டு விரலை வைத்த அதே வரியில் இவர் வந்து குனிந்துகொண்டு விரலை வைக்கிறார். இரண்டு பேருக்கும் அது இல்லாமல் போகவேண்டும். அப்படியென்றால் அந்தப் பெட்டிகளை யார் கட்டினது? யாருக்காகக் கட்டினது? அவர் தேத்தண்ணீர் குடித்து முடிக்க முன்னமே கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அவருக்கு விளங்கியிருக்கும். எழும்பிப் போனார்.

கதவு சாத்தினதுதான் தாமதம், அருமைராசா தொடங்கினார்.

"உனக்கு வேலை வேணுமோ, வாய் வேணுமோ?"

"இரண்டும் வேணும் அப்பா."

"இரண்டும் கிடைக்கிற ஆக்கள் வேறை ஆக்கள். நாங்கள் இல்லை."

"இஞ்சருங்கோ, அவளை விடுங்கோ," என்றேன்.

"நீர் பேசாமல் இரும் அக்னெஸ்! நீர்தான் எழுதச் சொன்னனீர். பதினாலு கம்பனிக்கு எழுதி இரண்டு பேர்தான் கூப்பிட்டவை. ஒண்டு போச்சு. மிச்சம் ஒண்டு. அதுவும் போனா என்ன செய்யப் போறியள், தாயும் மகளும்? என்னோடை பாண் அடுக்க வாறியளோ?" கத்திக்கொண்டு வந்தவர் சட்டென்று படியில் குந்திவிட்டார். "நான் என்ன கேட்டனான்? ஒரு சொல்லு. ஒரு சொல்லை மாத்தினா றோஸ்மேரிக்கு என்ன குறையப் போகுது?"

செலீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்கலைக்கழகத்தில் ஆலோசனை சொல்லுகிற பெண்ணும் இதையேதான் சொன்னாளாம், செய்த வேலையை வைத்திரு, குழுவின் பெயரை மட்டும் எடுத்துவிடு என்று.

"சரி," என்றாள். "சேர்ச் எண்டு போடுறன். எல்லாரும் சந்தோசமா இருங்கோ." மேலே போய் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த படம் சரிந்தது.

மிச்சக் கம்பனியின் நேர்முகத்துக்கு, முதல் அனுப்பினதுக்குப் பதிலாய்ப் புதிய விண்ணப்பத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது முடிந்து சாப்பாட்டுக்கும் கூப்பிட்டார்கள். நேர்முகம் நடந்த அன்றைக்குப் பின்னேரம் றொக்ஸ்பரோ ஸ்டேசனில் ரெயினால் இறங்கினவளை ஏற்றப் போனேன். முன்சீட்டில் ஏறினாள். பெல்ட் போட்டாள். எனக்கு அதுதான் பயமாய் இருந்தது.

"எப்பிடி?"

"நல்லம்."

"அதைப் பற்றிக் கேட்டவையோ?"

"ஓம். கேட்டவை. சேர்ச்சாலை சுனாமிக்குப் பெட்டி கட்டினனான் எண்டன். அதிலை பெரிய ஆள் ஒரு பொம்பிளை. கண் கலங்கிட்டா அம்மா. தன்ரை தாயும் சேர்ச்சிலை ஏழையளுக்குச் சூப் குடுக்கிறவவாம். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டா." செலீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அதே பெட்டி அம்மா. அதே சோப். அங்கை நான் பயங்கரவாதி, இஞ்சை நான் சம்மனசு."

"ஷெரோனைப் பற்றிக் கேட்டவையோ?"

"சேர்ச் எண்டாப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை. எந்த ஊருக்குப் போனது எண்டுகூடக் கேக்கேல்லை. அவைக்கு அது காணும்."

எனக்கு யாரில் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்தக் கண் கலங்கின பெண்ணிலும் வந்தது. அவள் நல்லவளாய் இருக்கக்கூடும். ஆனால் என் தங்கச்சியின் பிள்ளைகள் செத்ததற்கு அழுவதற்கும் ஒரு வெள்ளைக்காரி முதலில் சேர்ச் என்று கேட்கவேண்டியிருக்கிறதே.

ஃபோன் வருகிற நாள் நான் கார்டரிக்குப் பிந்தி வருவதாகச் சொல்லியிருந்தேன். அருமைராசா வேலையால் வந்து ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார், உடம்பெல்லாம் பாண் மணம். செலீன் வெறுங்காலோடு முன் யன்னலடியில் நின்றாள். செல்ஃபோன் அவள் கையில் இருந்தது. எட்டு மணி ஆகிறது, ஆகவில்லை, அடித்துவிட்டது.

"வி, பொன்ஜூர்," என்றாள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகளின் பிரெஞ்சு. தா, போதும், தள்ளாதே, பிறகு. பெரிய ஆட்கள் வேகமாய்க் கதைத்தால் பாதிக்குமேல் போய்விடும். ஆனால் அந்தக் குரல் சந்தோசமான குரல் என்று எனக்குக் கேட்டது. "மெர்சி," என்றாள் செலீன். திரும்பவும் "மெர்சி" என்றாள். அருமைராசா நெற்றியில் சிலுவை போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மே," என்றாள் அவள்.

ஆனால். அந்தச் சொல் எனக்கு நல்லாய்த் தெரியும். கார்டரியில் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கிற சொல். படுக்கச் சொன்னால் மே, கை கழுவச் சொன்னால் மே. அருமைராசாவும் கண்ணைத் திறந்தார்.

செலீன் யன்னலைப் பார்த்தபடியே கதைக்கத் தொடங்கினாள். சத்தம் போடவில்லை. ஆறுதலாய், ஒவ்வொரு சொல்லாய். நீளமாய்ப் பிரெஞ்சு ஓடியது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கு நடுவில் தமிழில் முழுப் பெயரையும் சொன்னாள், வன்னிக் கரையோர நிவாரணக் குழு என்று, மேடையில் சொல்வதுபோல ஒரு எழுத்தும் விழுங்காமல். அருமைராசா அவளுக்கு நேரே போய் நின்று கையை விசுக்கினார், நிப்பாட்டு, நிப்பாட்டு என்று. அவள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பவும் பிரெஞ்சு. முல்லைத்தீவு என்றாள். பிறகு றோஸ்மேரி என்றாள். பிறகு ஷெரோன்.

அவர் ஃபோனைப் பறிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போய் அவருடைய கையைப் பிடித்தேன். மாவு காய்ந்து தோல் வெடித்த கை. இழுத்தார். நான் விடவில்லை. இருபத்தாறு வருசத்தில் அவரை அப்படிப் பிடித்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "விடும் அக்னெஸ்," என்றார். "மாட்டன்," என்றேன்.

செலீன் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவள் ஃபோனைக் காதோடு வைத்தபடி நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து நின்றாள். வெளியே எங்கள் தெருவில் மஞ்சள் ஸ்கூல் பஸ் வந்து நின்று, சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கத்து நிறுத்தத் தகட்டை நீட்டியிருந்தது. இரண்டு பக்கமும் கார்கள் அசையாமல் நின்றன. முதுகுப்பை அரைவாசி திறந்த ஒரு பிள்ளை மட்டும் பனிக்குவியலில் ஏறி ஏறிச் சறுக்கியபடி பஸ்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தது.