சேர்மன் வீட்டு எலி

1
இதைக் கதையாக எழுத நான் கிளம்பவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு காலத்தில் முனிசிபல் சேர்மனாக இருந்த கங்கப்பனைப் பற்றி, படத்திறப்பு விழா மலருக்கு 1968-ல் இரண்டு பக்கம் கேட்டார் அவருடைய பேரன். உடனே ஆரம்பித்தேன்: 'பிளேக்கை விரட்டிய பெருந்தகை பிறக்கும்போதே—'

வேண்டாம். பிறக்கும்போது அவரும் அழுதுதான் இருப்பார்.

2
ஊரில் பிளேக் பரவியபோது சேர்மன் போட்ட உத்தரவு துணிச்சலானதுதான். எலி செத்து விழுந்த வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டும். அந்தத் தெருவே ஊரைவிட்டு வெளியேறிக் காட்டில் குடிசை போட வேண்டும். செத்த எலிகளைப் பொறுக்கி, எது எந்த வீட்டில் கிடந்தது என்று சொல்வது கூலிக்காரர் சென்றாயனின் வேலை.

(இந்த இடத்தில் மலருக்கான கட்டுரை முடிந்திருக்க வேண்டும். ஆர்வம் யாரை விட்டது? சென்றாயனின் மகள் சூளகிரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிவிட்டேன்.)

3
வெங்கடம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"சேர்மன் வூட்லயும் எலி வுழுந்துச்சு சாமி. எங்கப்பன்தான் எடுத்தாரு. ஆனா பிரிச்சது எங்க தெருக் கூரைய. எங்கப்பன்தான் எலியக் கொண்டாந்து தெருவுல போட்டாருன்னு ஊரே பேசுச்சு. காட்டுக் குடிசையிலயே அவரும் போய்ட்டாரு. போன மாசம் எம் பொண்ணப் பாக்க வந்தவங்ககூட, எலி போட்டவன் பேத்தியான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டாங்க. நெசம் என்னன்னு நீயாச்சும் எழுது."

4
முடிவு ஒன்று: சேர்மன் தானே ஏணி வைத்து ஏறித் தன் வீட்டு ஓடுகளைப் பிரிக்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பேரனும் சந்தோஷப்படுவார். ஆனால் வெங்கடம்மா சொன்னது வேறு—

முடிவு இரண்டு: தன் வீட்டில் விழுந்த எலியைக் காட்டி, "எங்கியாச்சும் கொண்டுபோய்ப் போட்டுரு" என்கிறார் சேர்மன். சென்றாயனால் மறுக்க முடியவில்லை. எலியைத் தன் தெரு முனையில் போடுகிறார்.

பெரிய மனிதரின் முகமூடியைக் கிழித்துவிட்ட பெருமிதத்தோடு மறுபடி சூளகிரிக்குப் போய் இதை வாசித்துக் காட்டினேன்.

கடலை உரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "அப்ப எங்கப்பன் போட்டது நெசந்தானா?"

"இல்லம்மா, சேர்மன் சொல்லித்தான்..."

"யாரு சொன்னா என்ன சாமி. நீயும் அவரு கையாலதான போட வெச்ச?"

என்னிடம் சாட்சி எதுவும் கிடையாது. கதைக்கு வசதியாக இருந்ததால் போட வைத்தேன். வெட்கமாக இருந்தது.

5
இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன். மூன்றாவது என்னால் ஆகாது. நீங்கள் எழுதுங்கள், சேர்மனை நல்லவராக்குவதும் கெட்டவராக்குவதும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: அச்சுக்குக் கொடுக்கும் முன்பு, சூளகிரிக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து, சத்தமாக வாசியுங்கள்.