அறுவடைக் காலத்துச் சாலை

வேட்பாளர் டாட் வெஸ்லிங்கை விவாத மேடைக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. அந்த அக்டோபர் மாலையில் லோரீன் ஹாக்மன் தன் பழைய பிக்அப் வண்டியைக் கழுவித் துடைத்து வைத்ததே அதற்காகத்தான்.

வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து வெஸ்லிங்கின் கட்சிக்கே ஓட்டுப் போட்டு வந்தவள் அவள். வெல்டன் ஊரில் கட்சிக்காகக் கதவு கதவாகத் தட்டியவள், சாலையோரம் பெயர்ப் பலகை நட்டவள். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவழியாகப் போதும் என்று எழுந்துகொண்டதில் அவர் இடம் காலியாகியிருந்தது. தொகுதியில் பாதி, நகரத்தை ஒட்டி முளைத்த புது வீடுகளும் பெரிய பெரிய கடைகளும். மீதிப் பாதி மக்காச்சோளமும் சோயாவும் பன்றிப் பண்ணைகளும். அந்தப் பாதி ஒரு பக்கம், இந்தப் பாதி ஒரு பக்கம் என்று இழுத்ததில், தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதும் யார் ஜெயிப்பார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

வெஸ்லிங் அந்தப் புது வீடுகளின் பக்கத்து ஆள். கிராமத்து ஓட்டு வேண்டுமே என்று அவனுடைய பிரசார மேலாளர் காரா ஒரு யோசனை பண்ணினாள். வெல்டன் தேவாலய விருந்தில் அவன் கலந்துகொள்ள வேண்டும், அங்கிருந்து நேராக சீடர் கிரீனில் நடக்கும் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போக வேண்டும்.

"கறுப்பு வண்டில வந்து இறங்கினா உங்க ஊர்ல எவனும் மதிக்க மாட்டான்," என்று லோரீனிடம் போனில் சொன்னாள். "ஒரு பழைய பிக்அப் வேணும். ஓட்டறதுக்கு ஒரு விவசாயி வீட்டம்மா. விதவையா இருந்தா இன்னும் நல்லது, படம் நல்லா வரும். அப்படி யாராவது இருக்காங்களா?"

"ஏன், நான் இருக்கேனே," என்றாள் லோரீன்.

அந்த விதவை எப்படி விதவையானாள் என்று காரா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

வெஸ்லிங் அரசியலுக்கு வருமுன் ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்குத் தலைவனாக இருந்தான். வெல்டன் ஆஸ்பத்திரியை இழுத்து மூடியது அவன்தான். மூடிய அடுத்த அறுவடையில், லோரீனின் கணவன் டுவெய்ன் களஞ்சியத்து வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் வேறொரு வீட்டுக்குப் போயிருந்தது. அவள் அவனைத் தூக்கி இதே வண்டியில், தன் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு எல்க் ரன் சாலையில் சீடர் கிரீன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். பறந்தது இரண்டு மேடு வரைதான். முன்னால் வெர்லினுடைய அறுவடை இயந்திரம், சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, நடக்கிற மனிதனோடு போட்டி போடுகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அவள் ஹாரனை அழுத்தினாள். வெர்லின் அடுத்த நிலத்துக்காரன், டுவெய்னோடு பள்ளிக்கூடம் போனவன். கண்ணாடியில் அவர்கள் வண்டியைப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் ஹாரன் அடித்தால் சௌக்கியமா என்று அர்த்தம். அவனும் சந்தோஷமாகக் கையைத் தூக்கிக் காட்டினான். அவள் திரும்பத் திரும்ப அடித்தாள், அவன் திரும்பத் திரும்பக் கையைத் தூக்கினான். ஏதோ சரியில்லை என்று அவனுக்கு உறைத்து, இயந்திரத்தைப் பள்ளத்தில் இறக்கி வழிவிட்டபோது டுவெய்ன் தலை சாய்ந்திருந்தது.

அதன்பின் பள்ளிக்கூட மண்டபத்தில் வெஸ்லிங் ஒரு கூட்டம் போட்டான். லோரீன் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். அவன் தலையைச் சாய்த்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டுவிட்டு, "ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா தூரத்துல குடியிருக்கிறவங்க எதுக்கும் கொஞ்சம் முன்னாடியே கிளம்பணும்," என்றான்.

அந்த வார்த்தையை அவள் அன்றிலிருந்து வயிற்றுக்குள் நெருப்பாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவனிடமே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்லி, அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

வெர்லின் மேலும் அவளுக்கு ஆத்திரம் இருந்தது. அது நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்குமுன் வருடா வருடம் அவர்கள் சோயாவை அவன்தான் அறுத்துக் கொடுப்பான். அதை நிறுத்தி வெளியூர் ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு வருடமாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரா போன் பண்ணிய மறுநாள் அவனுடைய கொட்டகைக்கு அவளாகவே போய் நின்றாள்.

"மெஷின எப்போ கிழக்கு நிலத்துக்கு மாத்தப் போற?"

வெர்லின் திடுக்கிட்டு எழுந்தான். "அடுத்த வாரம். ஏன் லோரீன்?"

"வியாழக்கெழம சாயங்காலம் மாத்து. எல்க் ரன் ரோடு வழியா. வெஸ்லிங்க நான்தான் விவாதத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே சுத்தமான கை.

"எத்தன மணிக்குக் கெளம்புவே?" என்று மட்டும் கேட்டான்.

வியாழக்கிழமை விருந்தில் வெஸ்லிங் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் ஒரு கட்டு கட்டினான். எல்லோர் கையையும் குலுக்கினான். வண்டி மேல் சாய்ந்து, லோரீன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான். இரண்டு வருடத்துக்கு முன் எழுந்து நின்றவள் இவள்தான் என்று அவனுக்குத் துளியும் தெரியவில்லை. படம் எடுத்த கையோடு காரா கறுப்பு வண்டியில் முன்னால் போய்விட்டாள்.

"நெறைய நேரம் இருக்கு, லோரீன்மா," என்று சொல்லிக்கொண்டே வெஸ்லிங் அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். "மேப்ல அரை மணி நேரம்தான் காட்டுது."

"மேப்புக்கு அறுவடை தெரியுமா, தம்பி?"

அவன் சிரித்தான். அவள் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். பிறகு தொண்டையைச் செருமி, மேடையில் பேசப்போவதைச் சொல்லிப் பார்த்தான். "இந்தத் தொகுதில எந்த வீடும் நல்ல ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்துக்கு மேல தூரம் இல்ல. அதச் செஞ்சது நான்!" சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்றான்.

"ஜோரா இருக்கு," என்றாள் லோரீன்.

இரண்டாவது மேடு ஏறி இறங்கியதும் முன்னால் மஞ்சள் விளக்குகள் மின்னின. வெர்லின் அவள் சொன்னபடியே வந்திருந்தான். அகலமான முன்பக்கத்து அறுக்கும் சட்டத்தைக்கூடக் கழற்றாமல் கொண்டுவந்திருந்தான். சாலை முழுக்க அவன்தான்.

வெஸ்லிங் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தை மட்டும்தான் பார்த்தான்.

"ஓவர்டேக் பண்ணுங்களேன்."

"எங்க பண்றது? ரெண்டு பக்கமும் பள்ளம். பள்ளத்துல விட்டா நீங்க எறங்கித் தள்ளுவீங்களா, இந்தக் கோட்டோட?"

"வேற ரோடு?"

"மண் ரோடு ஒண்ணு இருந்துது. பாலம் வெள்ளத்துல போயிடுச்சு. கட்டித் தரச் சொல்லி வாஷிங்டனுக்கு எழுதிப் போட்டோம். நீங்க போனா பாத்துச் செய்யுங்க."

அவன் போனை எடுத்துக் காராவைக் கூப்பிட்டான். "ஒரு மெஷின் முன்னாடி போகுது... மெஷின்! இல்ல, டிராக்டர் இல்ல, அதவிடப் பெருசு..." அதற்குள் சாலை ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. அங்கே எந்தக் காலத்திலும் போன் எடுக்காது. அன்றைக்கு அவளும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இங்கேதான் கத்தினாள்.

"ஹாரன் அடிங்க!" என்றான் வெஸ்லிங்.

"அறுவடை நேரத்துல விவசாயியப் பாத்து ஹாரனா? தேர்தல வெச்சுக்கிட்டா? நல்லா யோசிச்சுக்கோங்க தம்பி. நாளைக்கு ஊர் பூரா பேச்சா ஆயிடும்."

யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. எட்டி அவள் கைக்கு மேலாகத் தானே ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். இயந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் வெர்லின் கையைத் தூக்கிக் காட்டினான்.

"என்னய்யா இவன், கையாட்றான்!" வெஸ்லிங்கின் குரல் கீச்சென்று போனது.

"சௌக்கியமான்னு கேக்கறான்," என்றாள் லோரீன். அவள் கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷமும் இருந்தது அதில், இல்லாமல் என்ன. இந்த மனிதன் புழுவாகத் துடிப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். நன்றாகத் துடி என்று மனதுக்குள் சொன்னாள். டுவெய்னுக்குத் துடிக்கக்கூட இவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

விவாதம் தொடங்க வேண்டிய ஏழு மணி அடித்து நிமிடங்கள் ஓடின. வெஸ்லிங் தலையைப் பின்னால் சாய்த்துப் பெருமூச்சு விட்டான். "சே! கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கணும்."

அவள் இரண்டு வருடம் காத்து வைத்திருந்த வார்த்தை அது. அவனே சொல்லிவிட்டான், கொட்டாவி விடுகிற மாதிரி. அதை யாரிடம், எதற்குச் சொன்னோம் என்ற நினைவின் நிழல்கூட அவன் முகத்தில் இல்லை. இனி அவள் அதைச் சொல்லி என்ன பயன்? ஆமாம் என்று தலையாட்டுவான். இத்தனை பாடும் எதற்கு என்று ஆகிவிட்டது அவளுக்கு.

கிழக்கு நிலத்தின் வாசலில் வெர்லின் திரும்பி வழிவிட்டான். அதன்பின் அவள் வாயைத் திறக்காமல் ஓட்டினாள்.

சீடர் கிரீன் கல்லூரி அரங்கத்தில் விவாதம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் அனீட்டா டெக்கர் ஒரு காலி நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொகுதி முழுவதற்கும் தனியாகப் பேசி முடித்திருந்தாள். வெஸ்லிங் வண்டியிலிருந்து குதித்து ஓடினான். வாசலில் தொலைக்காட்சி நிருபர் ஒருத்தி மைக்கை நீட்டினாள். வேண்டாம் என்று காரா தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை.

"நீங்க பயந்துக்கிட்டு வரலன்னு டெக்கர் சொல்றாங்களே?"

"பயமா? எனக்கா?" வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது வெடித்தது. "வெல்டன் ரோட்டுல ஒரு தடவ வந்து பாருங்க! முன்னாடி ஒரு மெஷின் மாட்டினா தீர்ந்துது. அங்கேருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள மனுஷன் உயிரே போயிடும்!"

நிருபர் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினாள். "வெல்டன்லேருந்து இங்க ஆஸ்பத்திரிக்கு அரை மணிதான்னு உங்க விளம்பரத்துல வருதே, சார்?"

காரா கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நிருபர் பின்னால் நின்ற லோரீன் பக்கம் மைக்கைத் திருப்பினாள்.

"நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க? இவர் சொல்றது நெஜமா?"

"நெஜம்தான்," என்றாள் லோரீன். "உயிர் போயிடும். எங்க வீட்டுக்காரர், டுவெய்ன் ஹாக்மன், இவர் இப்போ உக்காந்து வந்த அதே சீட்லதான் போனார். வெல்டன் ஆஸ்பத்திரிய மூடின வருஷம். பள்ளிக்கூட மண்டபத்துல எந்திரிச்சு இவர்கிட்டயே சொன்னேன். இவரு சொன்ன பதில இவரையே கேளுங்க. வரும்போது வண்டில ஒரு தடவ சொன்னாரு. மறந்திருக்காது."

வெஸ்லிங் அவள் பக்கம் திரும்பினான். முதலில் கோபம்தான் இருந்தது. பிறகு அவன் உதடு மெல்ல அசைந்தது, கொஞ்சம், முன்னாடியே, என்று. அப்புறம்தான் அந்த மண்டபமும், கூட்டத்தில் எழுந்து நின்ற பெண்ணும், தான் கொடுத்த பதிலும் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து இறங்கின. நிறம் செத்துப்போயிற்று. லோரீன் அதை அவசரப்படாமல், ஆற அமர நின்று, முழுவதும் பார்த்தாள்.

மறுநாள் காலை அவன் சொன்ன வாக்கியம் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருந்தது. கட்சிக்காரர்கள் போன் மேல் போன் போட்டு லோரீனைத் திட்டினார்கள். துரோகி என்றான் ஒருவன். கேட்டுக்கொண்டாள். பிறகு போனை அணைத்துவிட்டுக் கிழக்கு நிலத்துக்கு நடந்தாள். பனி உலரட்டும் என்று வெர்லின் இயந்திரத்தின் படியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"டிவில பாத்தேன்," என்றான். பிறகு, "அவன் ஹாரன் அடிச்சப்போ கை தானாத் தூக்கிடுச்சு லோரீன். அன்னைக்கும் அப்படித்தான். சத்தியமா டுவெய்ன் உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியாது," என்று தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

லோரீன் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாலையைப் பார்த்தார்கள். ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வெர்லின் கை பாதி தூரம் உயர்ந்து அப்படியே நின்றது. லோரீன் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கி, போகிற வண்டிக்குக் காட்டினாள்.

"என் மேக்கால சோயா இன்னும் நிக்குது," என்றாள். "அந்த வெளியூர்க்காரன் பாதியச் சிந்திட்டுப் போறான். இத முடிச்சிட்டு வந்து அறுத்துக் குடு."